அரவைக் காலத்துப் பெயிண்ட்

முதல் கரித்துகள் ‘அபாயம்’ என்று நான் எழுதி முடித்திருந்த ஈரத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. நான் அதை எடுக்கவில்லை. ஊசி முனையால் எடுத்துவிடலாம். வாழ்நாளெல்லாம் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். பிப்ரவரி மாதம், சர்க்கரை மில்லில் அரவை மும்முரம், கரும்புச் சக்கையை எரிக்கிற புகைபோக்கி காலையிலிருந்து பள்ளிக்கூடத்தின் பக்கமாகவே ஊதுகிறது. சைக்கிள் ஷெட்டின் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் பலகையைக் கிடத்தியிருக்கிறேன், இருந்தும் கரி பக்கவாட்டில் நுழைந்து வருகிறது, வேலை பார்க்கிற இடம் தெரிந்து வருகிற மாதிரி. பதினொரு மணிக்கு விழா. மில் கட்டிக்கொடுத்த புதிய ஆய்வுக்கூடத்தை மில்லின் பொது மேலாளர் வந்து திறக்கிறார். ஆய்வுக்கூடத்தில் ஒரு பாதுகாப்பு மூலை. அந்த மூலையில் இந்தப் பலகை. இருபத்திரண்டு வருஷம் மில்லின் மொலாசஸ் என்கிற கழிவுப்பாகுத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற எச்சரிக்கைப் பலகை, பிள்ளைகளுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று நேற்று சாயங்காலம் டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இரும்புச் சட்டத்தில் அடித்த தடித்த தகரம், ஒரு ஆளால் தூக்க முடியாது, இரண்டு லோடுமேன்கள் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினார்கள். கூடவே வந்த மில்லின் நல அலுவலர் பிரதீபன், என் வயதில் பாதி இருப்பார், நல்ல பையன்தான், எழுத்தெல்லாம் மங்கிவிட்டது, வெள்ளையையும் சிவப்பையும் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்துவிடுங்கள், அதே எழுத்துதான், மாற்ற வேண்டாம், என்று சொல்லிவிட்டுப் போனார். அதே எழுத்து. மாற்ற வேண்டாம். இதை முதலில் எழுதியவனிடமே சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. மேலே ‘அபாயம்’. அதன் கீழே ‘விஷவாயு உண்டு’. அதற்கும் கீழே ‘அனுமதியின்றித் தொட்டிக்குள் இறங்காதே’. வலது மூலையில் சின்னதாகத் தேதி, 12.1.2002. மேல் பட்டைக்கு வெள்ளை அடித்து, சிவப்பையும் ஏற்றிவிட்டேன். கீழே இரண்டு பட்டை பாக்கி. மணி பத்தரை. கை நின்றுவிட்டது. இரண்டாவது கரி விழுகிறது, மூன்றாவது விழுகிறது, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

எங்கள் ஊரில் கார்த்திகைக்குப் பிறகு யாரும் ஆயில் பெயிண்ட் டப்பாவைத் திறக்க மாட்டார்கள். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்பதோடு சரி. கதவு, ஜன்னல், கேட்டு எல்லாம் அரவை முடிந்து வைகாசிக்கு மேல்தான். தெரியாமல் வெளியூர்க்காரன் எவனாவது தையில் அடித்தால், காய்வதற்குள் கரி வந்து ஒட்டி, உள்ளேயே செத்துக் கிடக்கும், சுரண்டினாலும் போகாது, தடவினால் விரலில் கடுகு மாதிரி நெருடும். முகத்தில் பரு உள்ள பையன்களை இங்கே அரவைப் பெயிண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள், படிக்கிற காலத்தில், இதே பள்ளிக்கூடத்தில். பிறகு பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்தேன், போர்டு எழுதுகிற கடை, ஓவியத் தேர்வு எழுதிப் பாஸ் செய்த சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன், அதைப் பார்த்து யாரும் வேலை கொடுத்ததில்லை. அந்தக் கடை வாசலில்தான் அன்றைக்கு ஜீப் வந்து நின்றது. ஆகஸ்ட் மாதம். அப்போதைய நல அலுவலர் சடகோபன், வெற்றிலை போட்ட வாய், மெதுவான பேச்சு, முன் சீட்டைத் தட்டி ஏறச் சொன்னார். மில் ஓய்ந்து கிடந்தது. புகைபோக்கியில் காக்கை உட்கார்ந்திருந்தது. அது எனக்கு ஏன் இவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருக்கிறது, அந்தக் காக்கையைப் பார்த்தபோதே ஏதாவது புரிந்திருக்க வேண்டாமா? தச்சுக் கொட்டகையில் வைத்து எழுதினேன். எழுதி, அடுப்பு வெக்கையில் காயவைத்து, உப்புத்தாளால் ஓரங்களைத் தேய்த்து, டீ டிகாஷனும் செங்கல் பொடியும் கலந்து துணியில் நனைத்து ஒத்தி, ஏழு மாதம் வெயிலும் மழையும் பட்டதாக ஆக்கினேன். எதற்குப் பழசாக என்று கேட்டேன். கேட்டேன்தானே? கேட்டேன். புதுசா இருந்தா எவனும் மதிக்க மாட்டான்பா என்றார் சடகோபன். கொட்டகையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். காலையில் டீக்கடையில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள், முந்தின நாள் மொலாசஸ் தொட்டி கழுவ இறங்கின ஒப்பந்தத் தொழிலாளி சிங்காரவேல் ஏறி வரவில்லை, கயிறு கட்டி இழுத்தபோது முகம் கறுத்திருந்தது என்று. அதைக் கேட்டுவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினேன். கேட்கவில்லை என்று பல வருஷம் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்டேன். கிளாஸில் பாதி டீ மிச்சம் இருந்தது. வைத்துவிட்டுப் போனேன். தேதி போடச் சொன்னபோது ஜனவரி பன்னிரண்டு என்று அவர் சொல்ல, நான் எழுதினேன், இரண்டு புள்ளி வைத்து, ஒழுங்காக, அடியில் மெல்லிய கோடு இழுத்து.

ஜனவரி என்றால் அரவை. அரவை என்றால் கரி. எல்லாம் செய்த நான் அதை மட்டும் செய்யவில்லை. வெள்ளைத் தகரம் பால் மாதிரி இருந்தது, செங்கல் பொடிக்கு அடியில். அடுத்த வாரம் மெட்ராஸிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் பலகையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், போட்டோ எடுத்தார், எச்சரிக்கை இருந்தும் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார். அவருக்கு எங்கள் ஊர்க் கரியைப் பற்றி என்ன தெரியும்? மில்லில் இருந்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் பார்க்கவில்லை. பார்த்தும் இருக்கலாம். ராத்திரிகளில் பாயில் புரண்டு படுக்கும்போது நான் வேறு ஒரு கதை வைத்திருந்தேன், வேண்டுமென்றேதான் கரியை விட்டேன், என்றாவது எவனாவது தடவிப் பார்க்கட்டும் என்று ஒரு சாட்சியைப் பலகைக்குள் ஒளித்து வைத்தேன் என்று. அந்தக் கதையை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் சோறு தின்றிருக்கிறேன். இன்றைக்கு இந்தத் துகள் வந்து விழுந்த பிறகு அதுவும் போயிற்று. நான் விடவில்லை. மறந்தேன். அடிமையாட்டம் வேலை செய்தவன் ஒரு இடத்தில் தவறிவிட்டான், அவ்வளவுதான். ஞாபகம் வந்திருந்தால் அடுப்புக் கரியைச் சலித்து, ஈரம் காய்வதற்குள் ஊதி ஒட்டியிருப்பேன், அதற்கும் சடகோபன் சபாஷ் சொல்லியிருப்பார். இப்போது அந்த வேலையை மில்லே செய்துகொள்கிறது. பதினைந்து நிமிஷம் கையை அசைத்தால் கீழ்ப் பட்டைகளும் ஈரமாகும், ஈரத்தில் கரி ஒட்டும், மத்தியானத்துக்குள் பலகை முழுக்க ஜனவரி வந்துவிடும். பிறகு எவன் தடவிப் பார்த்தாலும் கடுகு நெருடும். என் பிழை திருத்தப்பட்டுவிடும். பிரதீபன் அறியாமலே அதைத்தான் கேட்டிருக்கிறார். என் கையாலேயே செய்யக் கேட்டிருக்கிறார்.

அந்த வருஷமே எனக்கு இங்கே வேலை வந்தது. அரசாங்கப் பதவி இல்லை, பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்துக்கொண்ட ஓவிய ஆசிரியர், கழகத்துக்குக் கொடுப்பது மில். சடகோபன் தலைமையாசிரியரிடம் என்னைக் காட்டி, சுத்தமான கை, பிள்ளைகளுக்கு உதவட்டும், என்றார். அந்தக் கையால் நான் இந்தப் பள்ளிக்கூடத்தில் படம் வரையக் கற்றுக்கொடுத்ததைவிட உபயம் எழுதியதுதான் அதிகம். பெஞ்சுக்கு உபயம், மின்விசிறிக்கு உபயம், தண்ணீர்த் தொட்டிக்கு, கொடிக்கம்பத்துக்கு, பெண்பிள்ளைகள் கழிப்பறைக் கதவுக்குக்கூட, கதவின் வெளிப்பக்கமாக, மில்லின் பெயர் பெரிதாக. பள்ளிக்கூடத்துக்கு மணி கிடையாது, மில் சங்கு ஊதினால் முதல் பீரியட், ஊதினால் சாப்பாடு. ஒரு தடவை சங்கு கெட்டுப்போய் மூன்று மணி வரைக்கும் பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வாத்தியாரும் எழுந்திருக்கவில்லை, நானும்தான். கரியையும் மில்தான் கொடுக்கிறது, அதற்கு மட்டும் உபயம் என்று எழுதச் சொல்லவில்லை. இப்படிக் கசந்துகொள்வது எனக்குச் சுலபமாக வருகிறது. மில்லைத் திட்டுகிற நேரமெல்லாம் என்னைத் திட்டாமல் கழிந்த நேரம். மில் என்ன செய்தது? ஜீப் அனுப்பியது. ஏறியது யார்? பதினொன்றுக்கு வரப்போகிற மேலாளர் வடநாட்டுக்காரர், ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சடகோபன் செத்துப்போனார். தச்சுக் கொட்டகையில் சிரித்தவர்கள் எங்கேயோ. பலகையும் நானும்தான் மிச்சம். பலகையாவது ஒரே இடத்தில் நின்றது.

பிறகு கோசலை. சிங்காரவேலின் மனைவி. அவளுக்கும் மில்தான் இங்கே வேலை கொடுத்தது, எனக்குக் கொடுத்த அதே மாதத்தில், கூட்டிப் பெருக்குகிற ஆயா வேலை. ஒரே ஜீப்பில் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றி இறக்கிய மாதிரி. தினமும் காலையில் பெஞ்சுகளின் கரியைத் துடைப்பாள், ஈரத்துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை, என் உபயங்களின் மேலாகத் துடைத்துக்கொண்டு போவாள். வருஷத்துக்கு ஒருநாள், மில்லின் பாதுகாப்பு வாரத்தில், அவளுக்குப் பட்டுச்சேலை கொடுத்து மேடையேற்றுவார்கள். மில் எழுதிக்கொடுத்த நாலு வரியைச் சொல்வாள், முதல் வருஷம் தாளைப் பார்த்து, பிறகு பார்க்காமல். என் கணவர் இதே பள்ளியில் பத்தாவது வரை படித்தவர். படித்திருந்தும் அந்தப் பலகையைப் படிக்கவில்லை. படித்திருந்தால் இன்று உயிரோடு இருப்பார். நீங்கள் எல்லோரும் படியுங்கள். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அவளுடைய மகள் எட்டாவது படிக்கும்போது முன் வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்டாள், மறுநாளிலிருந்து அவளுக்குப் பலகை என்று பெயர், பத்தாவது முடித்துப் போகும் வரை பலகைதான், நான் அவள் வகுப்பில் நின்று அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறேன், கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பூஜாடியின் வளைவைச் சரிசெய்திருக்கிறேன். அறிவிப்பைப் படிக்காமல் வருகிற பையனிடம் வாத்தியார்கள் சிங்காரவேலாடா நீ என்று கேட்கிறார்கள். கோசலையே தன் புருஷனைத் திட்டுவாள். பத்து வரைக்கும் படிச்சவருக்குக் கண்ணு எங்க போச்சு சார் என்று என்னிடமே கேட்டிருக்கிறாள், எத்தனையோ தடவை, விளக்குமாற்றைத் தரையில் குத்திச் சரிசெய்துகொண்டு. ஒரு தடவை சொன்னாள், அவர் செத்த நாளில் படையல் போடுவதை நிறுத்திவிட்டாளாம், என்னையும் பிள்ளையையும் நெனச்சிருந்தா நின்னு ரெண்டு வரி படிச்சிருப்பாரு, நெனைக்காதவருக்கு நான் எதுக்குப் போடணும். அதைக் கேட்டு நான் என்ன செய்தேன்? தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன்? தெரியவில்லை. இன்றைக்குப் பலகையைத் திறந்து வைக்கப்போவது அவள்தான். திரையை இழுத்துவிட்டு அந்த நாலு வரியைச் சொல்ல வேண்டும். இந்தத் தடவை பலகை பக்கத்திலேயே இருக்கும். கையை நீட்டிக் காட்டிச் சொல்லலாம், பிரதீபனின் யோசனை, பிள்ளைகள் மனதில் பதியும் என்றார்.

மைதானத்தில் மைக் சோதிக்கிறார்கள். பெஞ்சுகளை இழுக்கிற சத்தம். தலைமையாசிரியை யாரையோ அதட்டுகிறார். எனக்கு இடது கை மரத்த மாதிரி இருக்கிறது, இதுவாக இருக்கட்டும், இப்படியே விழுந்துவிட்டால் பலகை பாதியில் நிற்கும், யாரும் என்னைக் கேட்க முடியாது என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். இல்லை, பெஞ்சின் விளிம்பில் ஊன்றியிருந்ததால் மரத்தது. உதறினால் சரியாகிறது. எல்லாமே எனக்கு உதறினால் சரியாகிவிடுகிறது. பிரஷை எடுத்தேன், ‘விஷவாயு’வின் முதல் எழுத்துக்கு நேராகக் கொண்டுபோனேன், அப்போதுதான் கோசலை டீயோடு வந்தாள். பச்சைப் பட்டுச்சேலை, மடிப்புக் கலையாமல், காலில் செருப்பு இல்லை, துடைக்கிற துணி இடுப்பில். விழாவுக்கு வந்தவளா வேலைக்கு வந்தவளா என்று அவளுக்கே முடிவாகவில்லை போல.

“கரி விழுது சார், பேப்பர் கீப்பர் போட்டு மூடக் கூடாதா” என்றாள். டீயை வைத்தாள். பிறகுதான் என்ன பலகை என்று பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. விசாரணையின்போது கேட்டுக்கு வெளியே நிற்கவைத்து, தூரத்தில் தெரிகிறதே அதுதான் என்று காட்டினார்களாம். இப்போது குனிந்து, உதடு அசைய, கடைசி வரியைப் படித்தாள், தேதியையும் படித்தாள். படிக்க எவ்வளவு நேரம் ஆனது? நான்கு விநாடி, ஐந்து விநாடி. அவளும் அதைத்தான் எண்ணியிருப்பாள். “இவ்ளோ பெருசா இருந்திருக்கு” என்றாள். “இதப் போயிப் பாக்கல மனுஷன்.” கையை நீட்டி, நான் இன்னும் தொடாத கீழ்ப் பட்டையின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினாள், இடமிருந்து வலமாக, பெஞ்சைத் துடைக்கிற அதே வீச்சில். அந்தக் கை நின்றது. திரும்ப ஒரு தடவை தடவினாள்.

“வழவழன்னு இருக்கே” என்றாள்.

மைக்கில் யாரோ ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணினார்கள். அவள் தேதியைப் பார்த்தாள், பிறகு பெஞ்சின் காலைப் பார்த்தாள், போன வருஷம் தையில் பிரதீபன் அவசரப்படுத்தி அடிக்க வைத்தது, கரி கரியாக நெருடும், அதைத் தினமும் துடைப்பவள் அவள். பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். “மில்லுல மேல ஷெட்டு போட்டு அடிச்சிருப்பாங்க போல, கரி படாம. அப்படித்தானே சார்?”

இதற்கு மேல் என்ன வேண்டும்? அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. நான் பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை, ஆமாம் என்ற ஒரு சொல், அதுகூட வேண்டாம், அந்தத் தலையாட்டல் போதும், எந்தப் பக்கம் என்று தெரியாத அது. ஆட்டிவிட்டு டீயைக் குடிக்கலாம். வீட்டில் மனைவி கேட்பாள் விழா எப்படி என்று, நல்லா நடந்தது என்பேன். டீயைப் பார்த்தேன். பாலேட்டில் ஒரு கரித்துகள் மிதந்தது. அன்றைக்குப் பாதியில் வைத்துவிட்டுப் போன கிளாஸ் ஞாபகம் வந்தது, அதை எடுத்துக் கழுவியவன் யாரோ, இவ்வளவு டீயை வீணாக்கிவிட்டுப் போயிருக்கிறானே என்று என்னைத் திட்டியிருப்பான், இந்த ஊரில் அந்த விஷயத்துக்காக என்னைத் திட்டிய ஒரே ஆள்.

“இல்ல கோசலை” என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. “இது ஆகஸ்ட்ல எழுதினது. அவரு போன மறுநாள். நான்தான் எழுதினேன்.”

அவள் நிமிரவில்லை. கை பலகையின் மேலேயே இருந்தது. நான் மீதியையும் சொன்னேன், ஜீப், தச்சுக் கொட்டகை, டிகாஷன், செங்கல் பொடி, தேதி. நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்கிற இடத்துக்கு வந்துகொண்டிருந்தேன், அந்த இடத்துக்குத்தான் நான் எப்போதும் வந்து சேர்கிறேன். அவள் குறுக்கே கேட்டாள்.

“அப்ப அவரு எறங்கறப்ப அங்க என்னா இருந்துச்சு?”

“ஒண்ணும் இல்ல.”

“போர்டே இல்ல.”

“இல்ல. படிக்க அங்க ஒண்ணுமே இல்ல.”

அழுவாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன், அதுவும் எனக்காகத்தான். அவள் உதடுதான் அசைந்தது. அந்த நாலு வரியைத்தான் சொல்லிப் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன், இருபத்திரண்டு வருஷத்தையும், ஒவ்வொன்றாக. முகம் சுண்டிக்கொண்டே வந்தது. பிறகு மேல் பட்டையைக் காட்டி, அது என்ன ஈரம் என்று கேட்டாள். இன்றைக்கு ஏற்றச் சொன்னார்கள், என்றேன். ஈரத்தில் இதற்குள் பத்துப் பதினைந்து கரி ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், கீழே வழவழப்பைப் பார்த்தாள். பத்தாவது படித்த யாரையும்விட வேகமாக அவள் அதைப் படித்துவிட்டாள்.

“தொடைங்க” என்றாள், இடுப்புத் துணியை உருவி என் முன்னால் போட்டு.

டர்பன்டைனில் நனைத்துத் துடைத்தேன். ‘அபாயம்’ துணியில் சிவப்பாக வந்தது, புது வெள்ளையும் கரியும் சேர்ந்து வந்தன, அடியில் பழைய எழுத்து மங்கலாக, வழுவழுப்பாக, ஆகஸ்ட் மாதத்தோடு அப்படியே இருந்தது. ஒரு ஓரத்தில் கொஞ்சம் விட்டுப்போயிற்று. அவள் விரலால் காட்டினாள். அதையும் துடைத்தேன். மைக்கில் தலைமையாசிரியை, சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார், பலகையைத் திறந்து வைக்கத் திருமதி கோசலை சிங்காரவேல் மேடைக்கு வரவும், டிராயிங் சார் பலகையை அனுப்பவும், என்றார். சார், ரெடியா, என்று கட்டடத்தின் மூலையிலிருந்து பிரதீபன் கை காட்டினார், சிரித்த முகமாக.

கோசலை சேலை முந்தானையை இழுத்துச் செருகினாள். பலகையின் ஒரு முனையைக் குனிந்து பிடித்தாள். சட்டம் பெஞ்சிலிருந்து நாலு விரல் எழும்பியது, மறுமுனை எழும்பவில்லை. தனியாக முடியாது. அவள் காத்திருந்தாள், என்னைப் பார்க்காமல், தூரத்து மேடையைப் பார்த்துக்கொண்டு. இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் சொல்லியிருக்கக்கூடிய எல்லாமும் அப்போது என் வாய்க்கு வந்தது. கோசலை, என்று ஆரம்பித்தேன்.

“பேசாதீங்க” என்றாள். “அந்தப் பக்கம் புடிங்க.”